யாழ்ப்பாணத்தில் ஊடக வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு: ஒரு பிணைக் கையெழுத்தின் அனுபவம்

லீசிங் கொம்பனியிடமிருந்து கணக்கு முடிந்துவிட்டது என்ற கடிதம் போன மாதம் கைக்கு வந்தது. அது வரும்வரை இதை எழுதக் கூடாது என்றிருந்தேன். கடன் நிலுவையில் இருக்கும்போது எழுதினால், காசு சேர்க்க எழுதுகிறாள் என்று கதை கட்டிவிடுவார்கள் என்ற பயம். இப்போது நான் ஒருவருக்கும் ஒரு சதமும் கொடுக்கவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் இன்றைக்கு எத்தனையோ இளம் பிள்ளைகள் யூரியூப் சனல்களிலும் உள்ளூர்த் தொலைக்காட்சிகளிலும் கல்யாண வீடியோ ஸ்ரூடியோக்களிலும் வேலைக்குச் சேர்கிறார்கள். முதலாளி ஊரெல்லாம் தெரிந்த முகம் என்றால் அவரிடம் நியமனக் கடிதம் கேட்கவே கூச்சமாக இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. என் கணக்கில் போனது இவ்வளவு: ஏழு மாதச் சம்பளம் 3 லட்சத்து 15 ஆயிரம் ரூபா, இரண்டரை வருஷ ஊழியர் சேமலாப நிதி, என் முதலாளியுடைய வானுக்குப் பிணை நின்றதற்காகக் கட்டிய 9 லட்சத்து 60 ஆயிரம் ரூபா. அம்மாவின் சங்கிலியும் அதற்குள்தான் போனது.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. ஊரில் சிலருக்கு விளங்கும், அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. நாங்கள் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். கோயில் திருவிழாக்களில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்து தொடங்கியவர். அந்தக் குரலைக் கேட்டு உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சியில் ஒரு நேர்காணல் நிகழ்ச்சி கொடுத்தார்கள். பிறகு அவரே சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கினார். நான் அங்கே எடிற்றராகச் சேர்ந்து, அப்புறம் அந்த நிகழ்ச்சியின் தயாரிப்பாளராகவும் இருந்தேன்.

அவர் எப்படிப்பட்ட நிகழ்ச்சியாளர் என்று சொல்லாமல் விட்டால், நான் ஏன் அவரை நம்பினேன் என்பது உங்களுக்கு விளங்காது. படப்பிடிப்புத் தொடங்க முதல் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போடுவார். எதிரே இருப்பவர் அந்தக் கடிகாரத்தைப் பார்த்து அவசரப்படக் கூடாது என்பது அவருடைய எண்ணம். பிளேன்ரீயைத் தானே கொண்டுபோய்க் கொடுப்பார். ஒருமுறை ஒரு வயதான ஐயா வந்திருந்தார். தொண்ணூறுகளில் குடாநாட்டில் மின்சாரம் இல்லாத வருஷங்களில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து றேடியோவில் செய்தி கேட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தக் கதையை யாழ்ப்பாணத்தில் கேட்காதவர் இல்லை. வேறொருவர் என்றால் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பார். அண்ணை, "பெடல் சுத்தினது ஆர் ஐயா?" என்று கேட்டார். ஐயா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "தம்பி" என்றார். அந்தத் தம்பி எப்படிப்பட்டவன், என்ன பாட்டு அவனுக்குப் பிடிக்கும், எந்த வருஷம் வீட்டை விட்டுப் போனான், அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதெல்லாம் அந்த ஒரு கேள்விக்குப் பின்னால் வந்தது. எடிற்றிங் மேசையில் இருந்து அதை வெட்ட என் கை வரவில்லை. முழுவதையும் அப்படியே விட்டோம். கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் அழுதுகொண்டே தொலைபேசி எடுத்தார்கள். கொழும்புச் சனல்கள் எங்களுடைய ஒழுங்கைகளுக்குள் வந்து இப்படி இருந்து கேட்டதில்லை. அந்த வேலையில் எனக்கு அவ்வளவு பெருமை இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

சரி, காசு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்கிறேன், இந்தத் துறைக்கு வருபவர்களுக்கு இது கட்டாயம் தெரியவேண்டும். நேர்காணல் நிகழ்ச்சியால் பெயர் வந்ததே தவிர காசு வரவில்லை. உள்ளூர்க் கடைகள் விளம்பரம் தரும், ஆனால் பாதிப்பேர் காசாகத் தரமாட்டார்கள். புடைவைக் கடை என்றால் நிகழ்ச்சிக்கு உடுப்பு, சாப்பாட்டுக் கடை என்றால் படப்பிடிப்புக் குழுவுக்குச் சாப்பாடு. மீதிப்பேர் மூன்று மாதம் கழித்துக் காசோலை தருவார்கள். நிறுவனத்தைத் தாங்கியது மூன்று விஷயங்கள். கல்யாணம், சாமத்தியவீட்டு வீடியோக்கள் ஒன்று. மரண அறிவித்தல்களும் செத்தவீட்டு நேரலையும் இரண்டாவது. யூரியூப் டொலர் மூன்றாவது. மரண அறிவித்தலைப் பற்றி வெளியூர்க்காரருக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். இங்கே ஒருவர் கண்ணை மூடினால் அரை மணித்தியாலத்துக்குள் லண்டனில் இருக்கும் மகனிடமிருந்து படமும் விபரமும் வந்துவிடும். பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், ஆருடைய மருமகன், ஆருடைய மைத்துனர், பேரப்பிள்ளைகள் எல்லாப் பெயரும் சரியாக வரவேண்டும். ஒரு பெயர் விடுபட்டால் குடும்பமே சண்டைக்கு வரும். அந்த அறிவித்தல் ஒன்றுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் காசு, உள்ளூர்க் கடை ஒன்று ஒரு மாதம் முழுக்கத் தரும் விளம்பரக் காசுக்குக் கிட்ட வரும். பிறகு 31ஆம் நாள், ஆண்டுத் திவசம் என்று அதே குடும்பம் திரும்பவும் வரும். வேலைக்குச் சேரும்போது உங்கள் நிறுவனத்துக்கு எந்த வேலையால் காசு வருகிறது என்று பாருங்கள். திரையில் எல்லாரும் கைதட்டும் நிகழ்ச்சிக்கும் உங்கள் சம்பளம் வரும் வழிக்கும் தொடர்பே இல்லாமல் இருக்கலாம்.

யூரியூப் விஷயத்தில்தான் முதல் ஓட்டை விழுந்தது. 2018 தொடக்கத்தில் யூரியூப் விதியை மாற்றி, 1000 சந்தாதாரரும் கடந்த பன்னிரண்டு மாதத்தில் 4000 மணித்தியாலப் பார்வையும் இருந்தால்தான் விளம்பரக் காசு என்று சொன்னது. எங்களுக்கு அது பிரச்சினையாக இருக்கவில்லை, அதைவிடப் பல மடங்கு இருந்தது. பிரச்சினை அட்சென்ஸ் கணக்கில், அதாவது விளம்பரக் காசு வந்து சேரும் கூகுள் கணக்கில் வந்தது. அதற்கு வீட்டு முகவரிக்குத் தபாலில் ஒரு இரகசிய எண் அனுப்புவார்கள், அதைப் பதிந்தால்தான் காசு கிடைக்கும். எங்களுடைய ஸ்ரூடியோ கொக்குவிலில் ஒரு ஒழுங்கைக்குள் மேல்மாடியில் இருந்தது. அந்தத் தபால் வந்து சேரவே இல்லை. ஐரோப்பாவில் இருந்த அண்ணையின் பழைய கூட்டாளி ஒருவர், தன்னுடைய ஜிமெயிலில் சனலைத் தொடங்கி, தன்னுடைய வங்கிக்குக் காசை எடுத்து, மாதாமாதம் அனுப்பிவிடுவதாகச் சொன்னார். சில வருஷம் ஒழுங்காக அனுப்பினார். எங்களிடம் இருந்தது காணொளி ஏற்றுவதற்கான அனுமதி மட்டும். சனலின் முதன்மை உரிமையாளர் கடல் கடந்து இருந்தார்.

இதை வாசிக்கும் யாராவது அந்த நிலையில் இருந்தால் இன்றைக்கே பாருங்கள். சனலின் அமைப்புக்குள் போய் முதன்மை உரிமையாளர் ஆர் என்று பார்க்கலாம். பிராண்ட் கணக்காக, அதாவது பலர் சேர்ந்து நிர்வகிக்கக்கூடிய கணக்காக இருந்தால் உங்களை உரிமையாளராகச் சேர்த்து, ஒரு வாரம் கழித்து முதன்மை உரிமையாளராக மாற்றலாம். உறவு நன்றாக இருக்கும் காலத்தில் கேட்டால் பத்து நிமிஷ வேலை. மனஸ்தாபம் வந்த பிறகு கேட்டால் அது நடக்காது. கூட்டாகத் தொழில் செய்கிறீர்கள் என்றால் எழுத்தில் போடுங்கள். இலங்கைச் சட்டப்படி ஆயிரம் ரூபாவுக்கு மேல் முதல் போட்ட பங்காண்மை எழுத்தில் இருக்கவேண்டும். வாய்ப்பேச்சை வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் நிற்க முடியாது என்று பிறகு ஒரு சட்டத்தரணி சொல்லித்தான் எங்களுக்கே தெரிந்தது.

2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புக்குப் பிறகு பேஸ்புக், யூரியூப் எல்லாவற்றையும் அரசு சில நாள் தடைசெய்தது. கல்யாணங்களைத் தள்ளிப்போட்டார்கள். அந்த வருஷம் இழுபட்டுத்தான் போனது. ஆனாலும் அண்ணை தளரவில்லை. 2020 தொடக்கத்தில், வெளிக்கள நேரலைக்கு ஒரு வான் வேண்டும் என்று பழைய வான் ஒன்றை லீசிங்கில் எடுக்கத் தீர்மானித்தார். இரண்டு பிணையாளிகள் தேவைப்பட்டது. கமராவில் நின்ற ஒரு பெடியனும் நானும் கையெழுத்து வைத்தோம். "பிள்ளை, இது சும்மா ஒரு கையெழுத்து. நான் கட்டாமல் விடுவனே?" என்று கேட்டார். அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அன்றைக்கு அவர் அப்படித்தான் நம்பினார்.

பிணைப் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது, சின்ன எழுத்தில் பல பக்கம். அதற்குள் ஒரு பந்தி இருக்கிறது, பெரும்பாலான படிவங்களில் இருக்கும். 'முதலில் கடன் எடுத்தவரிடம் கேள், அவரிடம் கிடைக்காவிட்டால் மட்டும் என்னிடம் வா' என்று சொல்லும் உரிமை பிணையாளிக்கு உண்டு. அந்த உரிமையை நான் விட்டுக்கொடுக்கிறேன் என்பதுதான் அந்தப் பந்தி. கையெழுத்து வைத்தால் கொம்பனி நேரடியாக உங்களிடமே வரலாம். இரண்டு பிணையாளி என்றால் ஆளுக்குப் பாதி என்றும் அர்த்தமில்லை. கிடைப்பவரிடம் முழுவதையும் கேட்கலாம். பிணை நிற்பதா வேண்டாமா என்று நான் சொல்ல வரவில்லை, யாழ்ப்பாணத்தில் ஒருவருக்கொருவர் பிணை நிற்காமல் ஒரு வங்கிக் கடனும் எடுக்க முடியாது. ஆனால் படிவத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். தவணைத் திட்டத்தின் பிரதியையும் வாங்குங்கள். மாதம் எவ்வளவு, எத்தனை மாதம், பிந்தினால் எவ்வளவு வட்டி என்று அதில் இருக்கும். கடன் எடுத்தவர் கட்டுகிறாரா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது கொம்பனியில் போய்க் கேளுங்கள். அவரைச் சந்தேகப்படுவதாக நினைத்து ஒதுங்கவேண்டாம்.

அடுத்து கொரோனா வந்தது. 2020 மார்ச் 20 ஊரடங்கு. கல்யாண மண்டபங்களைப் பூட்டினார்கள். தவணைகளைத் தள்ளிப்போடும் சலுகையை மத்திய வங்கி அறிவித்தது, அண்ணையும் எடுத்தார். சலுகை என்றால் வட்டி நிற்பதில்லை, அது ஓடிக்கொண்டிருக்கும். கடன் தொகை பெருத்தது. பிணையாளிகளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் அதே கொரோனாதான் எங்களை மேலே கொண்டுபோனது. வெளிநாட்டுப் பிள்ளைகள் தாய் தகப்பனின் செத்தவீட்டுக்கு வர முடியாத காலம் அது. நாங்கள் முற்றத்தில் கமரா வைத்து நேரலை போட்டோம். ஒரு வீட்டில் மகள் கனடாவிலிருந்து வட்ஸ்அப்பில், "அம்மாவின்ரை காலை ஒருக்காக் காட்டுங்கோ" என்று கேட்டார். கமராக்காரப் பெடியன் கை நடுங்க நடுங்கப் போய்க் காட்டினான். ஐயர் மந்திரத்தை நிறுத்திப் பொறுத்திருந்தார். அந்த நாளெல்லாம் நாங்கள் ஏதோ பெரிய சேவை செய்கிறோம் என்ற உணர்வோடுதான் வீட்டுக்குப் போவோம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வெளிநாட்டுச் சனம் திரைக்கு முன்னால் இருந்தது. பார்வைகள் ஏறின. அண்ணையின் முகம் ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்தது.

முகம் தெரிந்தால் செலவும் கூடும். பாடசாலை விளையாட்டுப் போட்டிக்குப் பிரதம விருந்தினராகக் கூப்பிடுவார்கள், வெறுங்கையோடு போக முடியாது. சனசமூக நிலையத்துக்குக் கூரை, ஆருக்கோ சத்திரசிகிச்சை, ஆருக்கோ தையல் மெசின். அவரும் இல்லை என்று சொல்லமாட்டார். பொன்னாடை போர்த்திய படங்கள் சுவரில் நிறைந்தன. அந்த நேரம் எங்கள் சம்பளத்தில் ஒவ்வொரு மாதமும் சேமலாப நிதிக்கென்று 8 வீதம் கழிப்பதை நிறுத்தவில்லை. என் 45,000 ரூபா சம்பளத்தில் அது 3,600. முதலாளி தன் பங்காக 12 வீதம், 5,400 போடவேண்டும். நம்பிக்கை நிதிக்கு இன்னொரு 3 வீதம். கழித்த காசு சேமலாப நிதியை வைத்திருக்கும் மத்திய வங்கிக்குப் போகவில்லை. சம்பளம் கொடுக்கவும் டீசல் அடிக்கவும் அதுவே போனது. சம்பளச் சிட்டையில் கழித்ததாக இருந்தால் கட்டியதாக அர்த்தமில்லை. உங்கள் அங்கத்துவ இலக்கத்தையும் அடையாள அட்டையையும் கொண்டு உங்கள் கணக்கில் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பார்க்கலாம். வருஷத்துக்கு ஒருமுறை பாருங்கள். பிந்திக் கட்டும் முதலாளிக்கு 5 வீதத்தில் தொடங்கி, ஒரு வருஷத்தைத் தாண்டினால் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் ஏறும். அவ்வளவு ஏறிவிட்டால் விரும்பினாலும் அவரால் கட்ட முடியாத நிலை வந்துவிடும். அதனால் சின்னத் தொகையாக இருக்கும்போதே கேட்பது முதலாளிக்கும் நல்லது.

2022ஐப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை, எல்லாரும் பட்டதுதான். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. ஜெனரேற்றருக்கு டீசல் இல்லை. ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா, அதுவும் வரிசையில் கிடந்தால்தான். கடைகள் விளம்பரத்தை ஒரே வாரத்தில் நிறுத்தின. சம்பளத்தை ஒரு மாதம் பாதி தந்தார், அடுத்த மாதம் கால்வாசி, பிறகு ஒன்றுமில்லை. எங்களைக் காப்பாற்றியிருக்கக் கூடியது யூரியூப் காசுதான். டொலர் ஏறியதால் அதே பார்வைக்கு ரூபாவில் முந்தியதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்திருக்கும். அந்த மாதங்களில்தான் ஐரோப்பாக்காரக் கூட்டாளி காசு அனுப்புவதை நிறுத்தினார். தான் முதலில் கமரா வாங்கித் தந்த காசு திரும்பி வரவில்லை என்றார். வாக்குவாதம் வந்தது. ஒரு காலை நாங்கள் உள்ளே போகப் பார்த்தபோது எங்கள் அனுமதியை எடுத்துவிட்டிருந்தார். பல வருஷ உழைப்பு திரையில் தெரிந்தது, தொட முடியவில்லை.

அந்த நாளுக்குப் பிறகு அண்ணை வேறு ஆளாகிவிட்டார். மீற்றர் வட்டிக்கு, அதாவது கந்துவட்டிக்குக் காசு எடுக்கத் தொடங்கினார் என்று பிறகுதான் அறிந்தேன். ஒரு காசோலையை மூட இன்னொரு காசோலை. கேபிள் நிகழ்ச்சியில் மட்டும் அதே சிரிப்போடு வந்திருந்து பேசினார். கைக்கடிகாரத்தைக் கழற்றும் பழக்கம் நின்றுவிட்டிருந்தது. கடிகாரத்தையே விற்றுவிட்டார் என்று நினைக்கிறேன். வான் மாங்குளத்துக்குக் கிட்ட ஏ9 வீதியில் மாட்டில் மோதி முன்பக்கம் நசிந்தது. காப்புறுதி புதுப்பிக்கப்பட்டிருக்கவில்லை. திருத்தக் காசில்லாமல் வேப்பமரத்துக்குக் கீழே நின்றது. ஆவணியில் ஒருநாள் வேலைக்குப் போனால் ஸ்ரூடியோ வாசலில் வீட்டுக்காரரின் புதிய பூட்டு. வாடகை பல மாதம் நிலுவை. அண்ணையின் தொலைபேசி வேலை செய்யவில்லை. மனைவியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய், அங்கிருந்து வெளிநாடு போய்விட்டார் என்று சில வாரம் கழித்துத் தெரிந்தது. என்னோடு கையெழுத்து வைத்த பெடியனும் அதற்கு முந்தியே பிரான்ஸ் போய்விட்டிருந்தான். யாழ்ப்பாணத்தில் மிஞ்சியது நான் மட்டும்.

லீசிங்காரர் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்து, படலையில் நின்று, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அம்மா படலையைத் திறக்கவே பயந்தார். பெரியம்மா வந்து, "உவளுக்கும் அந்த ஆளுக்கும் என்ன தொடர்பு, ஏன் பிணை நிண்டவள்?" என்று அம்மாவிடமே கேட்டார். கடனைவிட அந்தக் கேள்விதான் என்னை நொறுக்கியது. இரவில் நித்திரை இல்லை. தொலைபேசி அடித்தாலே வயிறு பிசையும். இந்த நிலையில் இருக்கும் பெண் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: வீட்டில் ஒருவரிடமாவது தொகையை முழுசாகச் சொல்லுங்கள். நான் அம்மாவிடம் பாதித் தொகையைத்தான் முதலில் சொன்னேன், மீதிப் பாதியை ஒளித்து வைத்த மாதங்கள்தான் என் வாழ்க்கையில் மிக மோசமானவை. முழுவதையும் சொன்ன அன்று அம்மா ஒன்றும் பேசாமல் சங்கிலியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

அதற்குப் பிறகு நான் செய்தவற்றில் பலன் தந்தவற்றைச் சொல்கிறேன். படலைக்கு வருபவர்களோடு பேசுவதை நிறுத்தினேன். அவர்களுக்கு எதையும் குறைக்கும் அதிகாரம் இல்லை, அவர்களிடம் கொடுக்கும் காசுக்குப் பற்றுச்சீட்டும் உடனே கிடைக்காது. கிளைக்கு நேரே போய் முகாமையாளரைச் சந்தித்தேன். கணக்கு விபரத்தை எழுத்தில் கேட்டேன்: முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, பிந்தியதற்கான தண்ட வட்டி எவ்வளவு என்று பிரித்து. மொத்தம் 23 லட்சத்துக்கு மேல் காட்டியது. வானைக் கொம்பனி எடுத்துக்கொண்டு போய் விற்றது. 2020 மார்ச்சிலிருந்து வாகன இறக்குமதி நின்றிருந்ததால் பழைய வாகனங்களுக்கு அந்தக் காலத்தில் நல்ல விலை இருந்தது. ஓடும் நிலையில் இருந்தபோது அண்ணையே விற்றிருந்தால் கடன் முழுவதும் அடைபட்டு மிச்சமும் வந்திருக்கும். நசிந்து, பற்றரி செத்து, மழையில் கிடந்த வானுக்கு 12 லட்சம்தான் கிடைத்தது. நீங்கள் பிணை நிற்கும் வாகனத்தின் தவணை இரண்டு மூன்று மாதம் தவறினால், கடன் எடுத்தவரை இருத்திப் பேசி, கொம்பனியின் சம்மதத்தோடு வாகனத்தை விற்கப் பாருங்கள். ஏலத்துக்குப் போகும் வாகனத்துக்கும் நாமே விற்கும் வாகனத்துக்கும் விலை வித்தியாசம் பெரிது, அந்த வித்தியாசத்தைப் பிணையாளிதான் கட்டவேண்டிவரும்.

மிச்சத் தொகைக்கு, தண்ட வட்டியைத் தள்ளிவிடும்படி கடிதம் எழுதினேன். என் சம்பளம் நின்றதற்கான சான்று, நிறுவனம் பூட்டப்பட்டதற்கான படம், மாதம் எவ்வளவு என்னால் கட்ட முடியும் என்ற கணக்கு எல்லாவற்றையும் இணைத்தேன். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. மத்திய வங்கியில் நிதி நுகர்வோருக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது, 1935 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம் என்று ஒரு வங்கி ஊழியர் சொன்னார். அங்கே முறையிடப்போவதாக இரண்டாவது கடிதத்தில் எழுதியதும் கூப்பிட்டுப் பேசினார்கள். தண்ட வட்டியின் பெரும்பகுதியைக் கழித்து 9 லட்சத்து 60 ஆயிரத்துக்கு முடிவு செய்தோம். சங்கிலி விற்ற காசை முதலில் கட்டி, மீதியை மாதாமாதம் கட்டினேன். பகலில் ஒரு தனியார் கல்வி நிலையத்துக்குப் பாட வீடியோ எடிற்றிங், இரவில் கல்யாண வீடியோக்கள். பிரான்ஸிலிருந்த பெடியனுக்கு எழுதினேன், அவன் தன்னால் இயன்றபோது கொஞ்சம் அனுப்பினான், அதையும் மறக்காமல் சொல்லவேண்டும். கட்டி முடித்ததும் பற்றுச்சீட்டோடு விட்டுவிடாதீர்கள். கணக்கு முடிந்தது, பிணையிலிருந்து விடுவிக்கப்பட்டது என்று இரண்டும் எழுதிய கடிதம் வாங்குங்கள். பிறகு கிரிப் என்று சொல்லும் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையை எடுத்து, உங்கள் பெயரில் அந்தக் கடன் முடிந்ததாகப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். கிரிப்பில் சிவப்பு விழுந்தால் நாளைக்கு ஒரு மோட்டார் சைக்கிள்கூட லீசிங்கில் எடுக்க முடியாது.

சம்பளத்துக்கும் சேமலாப நிதிக்கும் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுத்தேன். நியமனக் கடிதம் கேட்டார்கள், என்னிடம் இருக்கவில்லை. சம்பளம் வங்கிக்கு வந்த பதிவுகளும், நிகழ்ச்சியின் கடைசியில் ஓடும் பெயர்ப்பட்டியலில் என் பெயர் வரும் காணொளிகளும், வட்ஸ்அப் செய்திகளும்தான் நான் அங்கே வேலை செய்ததற்குச் சான்று. அவற்றை ஏற்றுக்கொண்டார்கள். முதலாளி நாட்டில் இல்லாததால் முறைப்பாடு அப்படியே கிடக்கிறது. அந்தக் காசு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, ஆனாலும் பதிவு இருக்கவேண்டும்.

அவர்மேல் கோபம் இருக்கிறதா என்று கேட்பார்கள். இருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பதினொரு பேர் அந்தப் பூட்டுக்கு முன்னால் நின்றோம். அதேநேரம் அவரைப்போல் ஒரு மனிதரிடம் கேள்வி கேட்கத் தெரிந்த இன்னொருவரை நான் இதுவரை பார்க்கவில்லை. இரண்டும் உண்மை, இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பூட்டிய ஸ்ரூடியோவுக்குள் எங்கள் ஹாட் டிஸ்க்குகள் இருந்தன. கமராவையும் கணினியையும் வாடகைக்காக வீட்டுக்காரர் விற்றுவிட்டார், அது அவருடைய நியாயம். டிஸ்க்குகள் அவருக்குப் பழைய பெட்டிகள்தான். 15 ஆயிரம் ரூபா கொடுத்து அவற்றை எடுத்துக்கொண்டேன். அதில் ஒன்று பழுது, திறக்கவே முடியவில்லை. மற்றவற்றில் வெட்டாத நேர்காணல்கள் முழுசாக இருக்கின்றன. பேசியவர்களில் பலர் இப்போது உயிரோடு இல்லை. உரிமை நிறுவனத்துடையது என்பதால் அண்ணைக்கு அவருடைய புதிய இலக்கத்தைத் தேடிப்பிடித்து எழுதினேன். லீசிங்கைப் பற்றி எழுதிய ஒன்றுக்கும் பதில் போடாதவர், இதற்கு அன்றிரவே பதில் போட்டார்: "எல்லாருக்கும் குடு பிள்ளை. காசு வாங்காதை." அந்தச் செய்தியைப் படமெடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன், அனுமதி எழுத்தில் இருக்கவேண்டும் என்பதற்காக.

இப்போது ஒவ்வொன்றாகப் பெயர், ஊர், வருஷம் எழுதி இரண்டாவது டிஸ்க்கில் பிரதி எடுத்து வருகிறேன். மூன்றாவது பிரதி சித்தியின் வீட்டில், வேறு ஊரில். 2015க்கும் 2022க்கும் இடையில் யாழ்ப்பாணத்தில் உங்கள் தாய் தகப்பனோ அம்மம்மா அப்பப்பாவோ அப்படியொரு நிகழ்ச்சியில் இருந்து பேசியிருந்தால், அவருடைய முழுப்பெயரும் ஊரும் எந்த வருஷமளவில் என்பதும் எழுதுங்கள். தேடிப் பார்த்து, இருந்தால் வெட்டாத பிரதியை அனுப்பிவைப்பேன். பழுதான டிஸ்க்கைக் கொழும்பில் திறந்து தருவதாக ஒருவர் சொல்லியிருக்கிறார், தையில் கொண்டுபோகிறேன்.